வாத்தியார் வீட்டு மோட்டார்

2016-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். புதுக்கோட்டையில் கல்யாண விருந்தை முடித்துக்கொண்டு தாயார், வீட்டு எஜமானி, இரண்டு குழந்தைகள், தாம்பூலப் பைகள் சகிதமாகத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். கீரனூரைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் நமது அம்பாஸடர் இரண்டு தடவை இருமிற்று. மூன்றாவது தடவை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு சாலை ஓரத்தில் சாதுவாக நின்றுவிட்டது.

சாவியைத் திருகினோம். உள்ளே ஏதோ சுழலும் சத்தம் கேட்டதே தவிர, இஞ்ஜின் பற்றிக்கொள்ளவில்லை. பானெட்டைத் திறந்து, கைவிளக்கை அடித்து, வெகு நேரம் உற்றுப் பார்த்தோம். நாம் பார்த்ததால் அதற்கு எவ்வித நன்மையும் உண்டானதாகத் தெரியவில்லை. அரை மைல் தூரத்திலிருந்த பட்டறைக்காரரை அழைத்து வந்தோம். அவர் ஒரு தடவை சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, "இஞ்ஜினைக் கீழே இறக்கணும், சார். 28,000 ரூபாய் ஆகும். வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றார். தாயார் வண்டிக்குள்ளிருந்து, "பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

அந்தச் சமயத்தில் எதிர்ப்புறத்து டீக்கடையிலிருந்து ஒரு வயோதிகர் எழுந்து வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவராம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் விரலால் தள்ளி மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். "வாத்தியார் ஐயா, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். நம்மிடம் இல்லை, டீக்கடையில் இருந்தது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, இரண்டாக மடித்து, உள்ளே இருந்த ஏதோ ஒரு சின்னஞ்சிறு இடுக்கில் நுழைத்து நாலைந்து தடவை தேய்த்தார். மேல்துண்டின் நுனியால் தூசியைத் துடைத்தார். மூடியை மாட்டினார். "இப்போ போடுங்க" என்றார்.

முதல் திருகலிலேயே இஞ்ஜின் பற்றிக்கொண்டது! அந்தப் பெரியவர் ஒரு டீக்கு மேல் எதையும் நம்மிடம் வாங்கிக்கொள்ளவில்லை.

வீடு வந்து சேர்ந்த பிறகும் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. 28,000 ரூபாய் தப்பியதே என்ற சந்தோஷம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிட ஒரு வெட்கம் மனத்தைக் குடைந்துகொண்டிருந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது பௌதிக சாஸ்திரம். பாரடே என்னும் அறிஞர் 1831-இல் கண்டுபிடித்த மின்தூண்டலைப் பற்றி வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி வருகிறோம். ஒரு கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால், அதன்மேல் சுற்றியிருக்கும் இன்னொரு சுருளில் மிக அதிகமான வோல்ட் அழுத்தம் உண்டாகும் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அந்தப் பெரியவர் தீப்பெட்டியால் தேய்த்தது வேறொன்றுமில்லை. மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்துகிற அந்த இடத்தைத்தான்! நமது சொந்த வண்டிக்குள் நமது சொந்தப் பாடமே உட்கார்ந்திருந்தது. அதை நமக்கு அடையாளம் தெரியவில்லை.

பட்டறைகளில் அதற்குப் 'பாயிண்ட்' என்று பெயர். நிலக்கடலைப் பருப்பில் பாதிகூட இராத இரண்டு உலோகப் பொட்டுகள். ஒன்றோடொன்று தொடும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் பாய்கிறது. அவை விலகும் கணத்தில் காயிலின் மற்றொரு சுருளில் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கின் முனையில் பொறி தெறிக்கிறது. நான்கு ஸிலிண்டர் இஞ்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது, இந்தப் பொட்டுகள் நிமிஷத்துக்கு 6,000 தடவை, அதாவது வினாடிக்கு 100 தடவை, திறந்து மூட வேண்டும். அவ்வளவு வேலை செய்கிற பொருளின் முகம் கொஞ்சம் கருகிப்போவதில் ஆச்சரியம் என்ன? தேய்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் 0.015 அங்குல இடைவெளி வைத்துத் திருகை முடுக்கினால் தீர்ந்தது. அடிக்கடி கருகினால், பக்கத்திலேயே இருக்கும் கண்டென்ஸரை மாற்ற வேண்டும்.

மறுநாளே நமது வண்டியை நாமே பழுது பார்ப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டோம்.

இவ்விடத்தில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வெகு காலம் வரையில் நமது தேசத்துக் குடும்பங்களுக்கு வாய்த்த மோட்டார்கள் மூன்றே மூன்று என்று சொன்னால் பெரிய பிழை ஆகாது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் செய்த அம்பாஸடர் ஒன்று. பம்பாயில் செய்த பியட் ஒன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. மூன்றும் பிறந்த வீடு சீமைதான். அம்பாஸடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அச்சு அசல். ஆனால் 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014 மே மாதத்தில் உத்தரபாராத் தொழிற்சாலை நிற்கும் வரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே உழன்று, மந்திரி முதல் வாடகை வண்டிக்காரர் வரையில் எல்லோரையும் சுமந்து, அது முழுக்க முழுக்க நம்மூர்ப் பிரஜை ஆகிவிட்டது.

அதை நம்மூர்ப் பிரஜையாக்கியது தொழிற்சாலை மட்டும் அன்று என்பது நமது அபிப்பிராயம். பானெட்டைத் திறந்தால், இஞ்ஜினைச் சுற்றி ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். எதைக் கழற்ற வேண்டுமோ அது கண்ணுக்குத் தெரியும்; கைக்கு எட்டும். ஆகவேதான் ஊருக்கு ஊர் புளிய மரத்தடியில் ஒரு பட்டறை முளைத்தது. எழுத்து வாசனை இல்லாதவர்கள்கூட அந்த யந்திரத்தின் மர்மங்களையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். படித்த வீடுகளில்தான் பானெட்டைத் திறக்கும் வழக்கம் ஏற்படவில்லை. எண்ணெய்க் கறை ஒருவருக்கு, சாக்கட்டித் தூள் ஒருவருக்கு என்று பாகப் பிரிவினை செய்துகொண்டு விட்டோம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் கல்வி நடக்க வேண்டும் என்று மன்றாடினார். நாம் அவருடைய படத்தை வகுப்பறையில் மாட்டினோம். திட்டத்தைப் பரணில் போட்டோம். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளைச் சிரமப்பட்டு வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் யந்திர வித்தையைக் கற்றுக்கொண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர் பிற்பாடு எவ்வளவு தூரம் போனார் என்பது வாசகர்கள் அறிந்ததே.

நமது விஷயத்துக்கு வருவோம். முதலில் ஸ்பானர்கள் வாங்கினோம். பளபளவென்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து பார்த்தால், எல்லாம் மில்லிமீட்டர் அளவு! நமது வண்டியோ 1986-ஆம் வருஷத்தியது. அதன் இஞ்ஜினில் நட்டும் போல்ட்டும் அங்குலக் கணக்கு. 'ஏறக்குறையப் பொருந்துகிறதே' என்று ஒரு நட்டில் மாட்டித் திருகியதில், அதன் ஆறு மூலைகளும் மழுங்கி, அது அரை நெல்லிக்காய் ஆயிற்று. ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பானரைப்போல் ஒரு சத்துரு கிடையாது. பிறகு பழைய சாமான் கடையில் அங்குல ஸ்பானர்கள், பீலர் கேஜ், வாய் நீண்ட திருப்புளி எல்லாம் சேகரம் செய்தோம்.

பாயிண்ட், பிளக் இரண்டும் ஒரு மாதத்தில் கைவசமாயின. அதற்கு அடுத்ததாகிய 'டாப்பெட்' விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஏனெனில், கணக்கு என்றால் காய்ச்சல் வரும் பிள்ளைகளையும் மயக்கிவிடும் ஒரு அழகு அதில் இருக்கிறது.

1,489 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த இஞ்ஜினில் நான்கு ஸிலிண்டர்கள். ஸிலிண்டருக்கு இரண்டாக எட்டு வால்வுகள். இஞ்ஜினின் தலைமேல் தகரக் குல்லாய் மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால், ஏற்றக்கால் போன்ற எட்டு சிறு நெம்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு நெம்புக்கும் அதன் கீழுள்ள வால்வுக்கும் நடுவில் 0.015 அங்குலம் சந்து இருக்க வேண்டும். சந்து அதிகமானால் 'டக் டக்' என்று ஓசை வரும். குறைந்தால் ஓசையே வராது. வால்வு சரியாக மூடாது. தீயின் வெப்பத்தில் அதன் விளிம்பு கருகிவிடும். ஆகவே சத்தம் போடுகிற டாப்பெட்டைவிட வாய் திறவாத டாப்பெட்டுக்கே அதிகமாய்ப் பயப்பட வேண்டும்.

ஒரு வால்வின் சந்தை அளக்கவேண்டுமானால், அது முற்றிலும் மூடியிருக்கும் சமயம் பார்த்து அளக்க வேண்டும். அந்தச் சமயம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் ஒன்பதாம் எண் வருகிறது. வால்வுகளுக்கு முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் கொடுங்கள். எட்டாவது வால்வு முழுவதும் அமுங்கித் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும். ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவது. நான்காவது அமுங்கியிருந்தால் ஐந்தாவது. கூட்டிப் பாருங்கள்: எப்போதும் ஒன்பது! பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்புறத்து ஹாண்டிலால் இஞ்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால், எட்டையும் அரை மணியில் முடிக்கலாம். பீலர் கேஜின் தகடு, இரண்டு விரல்களுக்கு நடுவிலிருந்து காகிதத்தை உருவுகிற மாதிரி, லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வித்தையில் நம்மைத் தோற்கடித்தவர் வீட்டு எஜமானி. இளம் வயதில் வீணை கற்றுக்கொண்டவர். தாளிக்கும் கரண்டியோடு வாசற்படியில் நின்றபடியே, "பின்னாலே இரண்டாவது பேசுகிறது" என்பார். ஏழாவதை அளந்து பார்த்தால் சந்து கூடுதலாகவே இருக்கும். இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டால், சுருதி சேராதது காதில் விழாதா என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்.

ஹாண்டில் என்றதும் ஓர் எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. பிளக்குகளை மாட்டியபின் ஹாண்டிலால் இஞ்ஜினைக் கிளப்ப நேர்ந்தால், கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். விரலைச் சுற்றி வளைத்துப் பிடித்தவர்கள், இஞ்ஜின் எதிர்த்து உதைத்ததில் மணிக்கட்டை முறித்துக்கொண்டதுண்டு. பாட்டரியில் கை வைக்கும் முன் வண்டியின் உடம்போடு பூட்டியிருக்கும் முனையை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் தவறி வண்டியில் பட்டதும் தீபாவளிதான். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய மாத்திரத்தில் கொதித்து முகத்தில் பாயும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் டப்பாவில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு உபதேசம் செய்கிற நாமே ஒரு பெரிய குற்றம் செய்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி பொய்யாகும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வண்டி வேலையைப் பார்க்க வருவது வழக்கமாயிருந்தது. பையன்களும் உண்டு, பெண்களும் உண்டு. 2018 ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், புகைக் குழாயின் பட்டை ஒன்று தளர்ந்திருப்பதை முடுக்குவதற்காக வண்டியின் பின்புறத்தை ஜாக்கியில் தூக்கினோம். தரை ஈர மண். ஜாக்கியின் அடியில் பலகை வைக்கவில்லை. முன் சக்கரங்களுக்குக் கல் கொடுக்கவில்லை. வண்டிக்கு அடியில் முட்டுத் தாங்கியும் இல்லை. 'ஐந்து நிமிஷ வேலைதானே' என்கிற எண்ணம். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சிறிய ஸ்பானர் எடுப்பதற்காக வெளியே வந்தோம். "நான் பார்க்கட்டுமா, சார்?" என்று ஒரு பையன் மண்டியிட்டுக் குனிந்தான். 'பார்' என்று சொல்ல நமக்கு வாய் வந்துவிட்டது. சொல்வதற்குள் ஜாக்கி மண்ணில் ஒருபுறமாகச் சாய்ந்தது. வண்டி ஒரு டன்னுக்கு மேற்பட்ட தன் பாரத்தோடு இறங்கியது. சற்று முன் நமது தலை இருந்த இடத்தில் வைத்திருந்த தகரத் தட்டு அப்பளமாக நசுங்கியது.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டோம். கால் நடுக்கம் நிற்க அரை மணி ஆயிற்று. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் அவன் தாயாரிடம் சொன்னோம். அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் மறுபடியும் வந்து நின்றான். கூடவே வந்த தாயார், "தப்பைத் தேடி வந்து சொன்னீங்களே, சார், அதனாலேதான் அனுப்புறேன்" என்றார்.

இப்போது நம் வீட்டு முற்றத்தில் சிமிட்டித் தரை போட்டிருக்கிறது. இரண்டு இரும்புத் தாங்கிகள் இருக்கின்றன. சக்கரங்களுக்கு மரக் கட்டைகள் இருக்கின்றன. பிள்ளைகள் எவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பது சட்டம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று.

புதிய வண்டிகள் வைத்திருக்கும் நண்பர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் வண்டியில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. பெட்ரோலை அளந்து விடுவதும் பொறியைத் தெறிக்கச் செய்வதும் ஒரு கம்ப்யூட்டரின் வேலை. அவை குறைவாகப் புகைக்கின்றன. பெட்ரோலையும் குறைவாகக் குடிக்கின்றன. மோதினால் உயிர் காக்கும் காற்றுப் பைகள் இருக்கின்றன. நமது அம்பாஸடரில் அந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. பழையதே உயர்ந்தது என்று நாம் வாதாட வரவில்லை. புதிய வண்டியிலும் காற்று வடிகட்டி, டயரின் காற்று, பாட்டரி முனை, எண்ணெய் அளவு, கண்ணாடி துடைக்கும் ரப்பர் இவற்றையெல்லாம் வீட்டிலேயே கவனிக்கலாம். மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை மட்டும் கற்றவரல்லாதார் தொடவே கூடாது. அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் அழுத்தம்.

நாம் கவலைப்படுவது வேறு காரணத்துக்காக. பழுது என்னவென்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கியவருக்குத் தெரியாது. அதைப் படிக்கும் கருவியும், பழுது பார்க்கும் முறையைச் சொல்லும் புத்தகமும், உதிரி பாகமும் கம்பெனியின் சொந்தப் பட்டறையில் மட்டும் இருந்தால், புளிய மரத்தடிப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? இது நமது கற்பனைப் பயம் அன்று. 2014 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், இந்தக் காரியத்துக்காகவே 14 மோட்டார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல் மன்றங்களுக்குப் போயிற்று. 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் ஆராய்ச்சிக்கு எடுத்த பொருள்களில் மோட்டார் வண்டியும் ஒன்று. அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த தேசத்தில், சொந்தப் பொருளைத் திறந்து பார்ப்பதற்கு உரிமை கேட்டு ஒரு குழு வேண்டியிருக்கிறது! சுதேசிப் பொருளை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? அதைப் பழுது பார்க்கும் அறிவும் சுதேசியாக, நம் ஊரிலேயே, நம் வீட்டிலேயே இருக்க வேண்டாமா?

வீட்டில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. பிரேக்கில் நாம் இன்னும் கை வைப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். மலைச் சாலையில் பிரேக் சூடானால் குழாய்க்குள் ஆவி உண்டாகி, மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. அந்த எண்ணெயின் அளவைப் பார்ப்பதும், குழாய் கசிகிறதா என்று பார்ப்பதும் நமது வேலை. உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றுவது, காற்றை வெளியேற்றுவது எல்லாம் பழகிய கையின் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகி, திங்கட்கிழமை தாயாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற காரியம் அல்ல.

போன வாரம் மிதி சற்று இறங்குவதாகத் தோன்றவே, நம் தெருக்கோடியிலுள்ள பட்டறைக்கு வண்டியை ஓட்டாமல், பிள்ளைகளை விட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். பட்டறைக்காரருக்கு நம்மைவிட இருபது வயது குறைவு. பள்ளியில் நம்மிடம் படித்தவர். அந்தக் காலத்தில் கடைசி வரிசை. சிலிண்டரைத் திறந்து, உப்பிப் போயிருந்த ரப்பரை விரலில் எடுத்து நம் கண்ணெதிரே காட்டினார். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, "உட்கார்ந்து பாருங்க, சார். சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். உட்கார்ந்தோம். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தோம்.